கஸ்டம் டீலக்ஸ் வண்டிக்கு சில்வராடோ ட்ரிம் மாத்தினப்போ கத்துக்கிட்டது

என்கிட்ட இருக்குறது 1978 செவர்லே சி-10 பிக்கப், பின்னாடி சரக்கு ஏத்துற பெட் நீளமானது, 350 வி8 எஞ்சின், ஆட்டோமேட்டிக். ஒரு பண்ணையில வேலைக்கு ஓடுன வண்டி. கஸ்டம் டீலக்ஸ்னு பேர் கேக்க நல்லா இருக்கும், ஆனா 75லேர்ந்து அதுதான் அடிமட்ட ட்ரிம் (ஒரே வண்டிய சாமான் கூட்டிக் கொறச்சு விக்கிற தரத்துக்குத்தான் ட்ரிம்னு பேர்), அதுக்கு மேல ஸ்காட்ஸ்டேல், அதுக்கு மேல செயென், உச்சியில சில்வராடோ. என் வண்டிக்குள்ள ரப்பர் மேட், வெறும் பெயின்ட் அடிச்ச கூரை, மீட்டர்ல ஸ்பீடும் பெட்ரோலும் மட்டும், மிச்சதுக்கெல்லாம் எச்சரிக்கை லைட்டு. உடம்பு நல்லா இருந்துச்சு, அதுக்காகத்தான் வாங்கினேன். உப்பு போடாத ஊர்லயே காலம் பூரா ஓடுனதால கதவுக்கு அடியில, கேபின் மூலையில எல்லாம் தகடு முழுசா இருந்துச்சு, இந்த வண்டிகள்ல அதுவே பெரிய விஷயம்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு 79 சில்வராடோ கண்ணுல பட்டுச்சு. வடக்குப் பக்கம் பனிக்கு உப்பு கொட்டுற ரோட்டுல ஓடி முன்சக்கரத்துக்கு மேல இருக்குற ஃபெண்டர், கதவுக்கு அடியில ஓடுற ராக்கர், பெட்டோட கீழ்ப்பக்கம் எல்லாம் அரிச்சுப்போய் கெடந்தது, ஆனா உள்ள இருக்குற சாமான் அத்தனையும் இருக்கு, ஃபுல் மீட்டர், பவர் விண்டோ, கூரைத் துணி, கார்பெட், பக்கவாட்டு பளபள பட்டைங்க, டெயில்கேட்டுல, அதாவது பெட்டோட பின்கதவுல, குறுக்க ஓடுற பட்டை. முழு வண்டியா வாங்கிட்டேன். இது ஒண்ணுதான் இந்த வேலையில நான் மொத நாளே சரியா பண்ணது, ஏன்னா அதுக்கு முன்னாடி துண்டு துண்டா வாங்கி கைய சுட்டுக்கிட்டேன்.

அந்தக் கதைய மொதல்ல சொல்லிடறேன். ஒரு ஜோடி டோர் பேனல், 75 மாடல், கிழியாம வெடிக்காம அம்சமா இருந்துச்சு, விலையும் கம்மி. 73லேர்ந்து 87 வரைக்கும் ஒரே பாடி தானே, எல்லாரும் ஸ்கொயர் பாடின்னு ஒரே பேர்ல தான சொல்றாங்க, அப்பறம் என்னன்னு வாங்கிட்டு வந்து கதவுல வெச்சுப் பாத்தா ஒரு ஸ்குரூ ஓட்டை கூட ஒத்து வரல. அப்பறம்தான் விசாரிச்சேன். 77ல செவர்லேயோட தாய் கம்பெனி ஜிஎம் இந்த வண்டிகளுக்கு மொத தடவையா பவர் விண்டோ, பவர் லாக் ஆப்ஷன் கொண்டு வந்தாங்க, அந்த வருஷமே கதவோட உள்பக்கத் தகட்டையும் மாத்திட்டாங்க. வெளிய பாத்தா ஒரே கதவு. உள்ள 73–76 ஒரு ஜாதி, 77க்கு அப்பறம் வேற ஜாதி. 81ல பேனல் டிசைன் மறுபடி மாறுச்சு, முன்பக்க தகடும் அப்பதான் மாறுச்சு, அதனால 80ஓட ஃபெண்டரும் பானெட்டும் 81க்கு உக்காராது. கிரில் இன்னும் மோசம், 77–78 ஒண்ணு, 79ல வேற ஒண்ணு. பெட்ரோல் மூடி கூட 78 வரைக்கும் வெளிய தெரியும், 79லேர்ந்து ஒரு சின்னக் கதவுக்குள்ள ஒளிஞ்சுடும், அப்போ பெட்டோட பக்கத் தகடும் வேறதான். ஒரு பார்ட் வாங்கப் போறீங்கன்னா "ஸ்கொயர் பாடிக்கு சேருமா"ன்னு கேக்காதீங்க, எந்த வருஷத்துலேர்ந்து எந்த வருஷம் வரைக்கும்னு கேளுங்க. ஜிஎம்மோட இன்னொரு பிராண்டான ஜிஎம்சி பேட்ஜ் போட்ட வண்டிகளையும் விட்டுடாதீங்க, சியரா கிளாசிக், ஹை சியரான்னு பேர் மட்டும் வேற, உள்ள ஒரே தகடு, ஒரே கதவு.

என் 78ம் அந்த 79ம் கதவு விஷயத்துல ஒரே பக்கம் வந்துச்சு, அது போதும்னு இறங்குனேன்.

மொத வேலை ரெண்டு வண்டியோட கிளவ் பாக்ஸ் கதவையும் தொறந்து பாத்தது. உள்பக்கம் ஒரு பேப்பர் ஸ்டிக்கர் இருக்கும், எஸ்பிஐடின்னு சொல்லுவாங்க, ஃபேக்டரில அந்த வண்டிக்கு என்னென்ன ஆப்ஷன் போட்டாங்கன்னு மூணு எழுத்துக் கோடா அடிச்சிருக்கும். சி60ன்னா ஏசி, என்33ன்னா டில்ட் ஸ்டியரிங், ஜி80ன்னா லாக்கிங் டிஃபரன்ஷியல், இசட்53ன்னா ஃபுல் மீட்டர். ரெண்டையும் போட்டோ எடுத்து பக்கத்துல பக்கத்துல வெச்சு, அதுல இருந்து இதுக்கு எது வரணும்னு ஒரு நோட்டுல எழுதினேன். வின் நம்பர, அதாவது வண்டியோட அடையாள நம்பர, பாத்து ட்ரிம் தெரியாது, 80 வரைக்கும் அது 13 எழுத்து, எஞ்சின் என்ன, அரை டன்னா முக்கால் டன்னா, எந்த வருஷம், எந்த ஃபேக்டரின்னுதான் சொல்லும். இந்த ஸ்டிக்கர்தான் சாட்சி.

பட்டைங்கள கழட்டுறதுல ஆரம்பிச்சோம். கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் சனிக்கிழமை ஆனா வந்துடுவான், அவனுக்கும் இதுல ஆர்வம். நாந்தான் மொத பட்டைய ஃபெண்டருக்கு வெளிப்பக்கமா தட்டை ஸ்குரூ டிரைவர் குடுத்து நெம்பினேன், நடுவுல மடிஞ்சிருச்சு. அலுமினியம் ஒரு தடவை மடிஞ்சா அந்த மடிப்பு எங்க இருந்துச்சுன்னு காலத்துக்கும் தெரியும், எவ்வளவு தட்டினாலும் வெயில்ல ஒரு கோடு மின்னும். "அண்ணா, உள்பக்கம் நட்டு இருக்குண்ணா"ன்னு அவன் குனிஞ்சு பாத்துட்டு சொன்னான். ஆமா, ஃபெண்டருக்கு உள்ள கைய விட்டா பட்டையோட ஓரத்துல சின்ன போல்ட்டும் நட்டும், நடுவுல கிளிப்புங்க. நட்ட கழட்டிட்டு அப்பறம் கிளிப்ப உள்ளேருந்து வெளிய தள்ளணும். துரு புடிச்ச நட்டுக்கு முந்தின நாள் ராத்திரியே ஆயில் அடிச்சு வெச்சிடுங்க, அவசரப்பட்டு முறுக்குனா அந்த மெல்லிசு போல்ட்டு ஒடஞ்சிரும். மிச்ச பட்டை எல்லாம் இப்படி ஒண்ணு கூட மடியாம வந்துச்சு.

இப்பதான் முக்கியமான இடம். என் வண்டி கஸ்டம் டீலக்ஸ், அதோட ஃபெண்டர்லயும் பெட்லயும் அந்த பட்டைக்கு ஓட்டையே கிடையாது. ஃபேக்டரில அந்த பட்டையோட வந்த வண்டிக்கு மட்டும்தான் அந்த ஓட்டை போட்டிருக்காங்க. அளந்து போடலாம்னா எதுலேர்ந்து அளக்குறது? பாடியில ஓடுற அந்த மடிப்புக் கோடு கண்ணுக்கு நேரா தெரியும், டேப்பு வெச்சா ஒவ்வொரு தடவையும் ஒரு நூல் மாறும். பார்சல் சுத்துற பிரவுன் பேப்பர் ரோல் ஒண்ணு எடுத்து, 79ஓட ஃபெண்டர் மேல விறைப்பா ஒட்டி, பென்சில படுக்கப்போட்டு தேய்ச்சோம். சின்ன வயசுல நாணயத்து மேல பேப்பர் வெச்சு தேய்ப்போம்ல, அதே மாதிரி. ஒவ்வொரு ஓட்டையும் கருப்பு வளையமா எழும்பி வந்துச்சு, பாடி மடிப்பு ஒரு கோடா வந்துச்சு, ஃபெண்டர் ஓரம், சக்கர வளைவு, கதவு இடைவெளி எல்லாம் வந்துச்சு. கதவு, கேபினோட பின்மூலை, பெட்னு ஒரு பக்கத்துக்கு நாலு பேப்பர், ரெண்டு பக்கத்துக்கும் எட்டு. அத அப்படியே என் வண்டில ஓரத்தையும் மடிப்பையும் ஒத்து ஒட்டி, ஒவ்வொரு வளையத்து நடுவுலயும் பஞ்ச் வெச்சு ஒரு தட்டு, அப்பறம் சின்ன பிட்டு, அப்பறம் சரியான சைஸ் பிட்டு. ஃபெண்டர் மொத்தம் ஒரு மணி நேரம்கூட ஆகல. பெட்டுக்குத்தான் நேரம் எடுத்துச்சு, சக்கரத்துக்கு மேல உள்பக்கம் கை போற இடம் ரொம்ப கம்மி.

இதுல ரெண்டு விஷயம். பெயின்டுக்கு முன்னாடி ஓட்டை போட்டு, எல்லா பட்டையும் ஒரு தடவை மாட்டி, கோடு நேரா போகுதான்னு பத்தடி தள்ளி நின்னு பாத்துட்டு, கழட்டிட்டு, அப்பறம் பெயின்ட் அடிங்க. டூ டோன், அதாவது ரெண்டு கலர், அடிக்கிற ஆளா இருந்தா இது இன்னும் முக்கியம், ரெண்டு கலரும் சேர்ற கோட்ட மறைக்கிறதே அந்த பட்டைதான், பட்டை அரை இஞ்ச் எறங்குனா கலரும் எறங்கணும். ரெண்டாவது, ஓட்டையோட விளிம்பு பெயின்ட் இல்லாத வெறும் தகடு, அதுக்கு ப்ரைமர் தொட்டு வெச்சு, பட்டைய மாட்டின பிறகு உள்பக்கம் மெழுகு ஸ்ப்ரே அடிச்சிடுங்க. அந்த 79 அரிச்சுப்போனது எங்க ஆரம்பிச்சுதுன்னு பாத்தேன், நிறைய இடத்துல இந்த கிளிப் ஓட்டைலேர்ந்துதான். பட்டைக்குப் பின்னாடி மண்ணும் தண்ணியும் தேங்கி நிக்கும்.

பட்டைங்க மங்கிப்போய் வெள்ளை பூத்து இருந்துச்சு. எவ்வளவு பாலிஷ் போட்டாலும் ஏறாது, ஏன்னா அது ஆனடைஸ் பண்ண அலுமினியம், மேல ஒரு கெட்டியான தோல் மாதிரி இருக்கும், அத எடுத்தாத்தான் உள்ள இருக்குற உலோகத்துக்கு பாலிஷ் ஏறும். காஸ்டிக் சோடா இருக்குற ஓவன் கிளீனர் அத தின்னுடும். வெளிய காத்தோட்டமான இடத்துல, கையில நல்ல கிளவுஸ், கண்ணுக்கு மூடின கண்ணாடி போட்டுக்கிட்டு கொஞ்ச நேரம் வெச்சு, தண்ணி விட்டு அலசி, பத்தலன்னா மறுபடி. பக்கத்துலயே நின்னு பாக்கணும், மறந்து விட்டா அலுமினியத்தையே அரிச்சிடும். அப்பறம் 400, 800, 1500னு தண்ணி பேப்பர் போட்டு காம்பவுண்ட். கண்ணாடி மாதிரி வந்துச்சு. ஆனா தோல எடுத்துட்டதால அது தானா மங்கும், வருஷத்துக்கு சில தடவை மெழுகு போட்டாத்தான் நிக்கும்.

மீட்டர் மாத்தினதுதான் எனக்கு ரொம்ப பாடம் சொல்லிக் குடுத்துச்சு. 79லேர்ந்து கிளஸ்டர, அதாவது எல்லா மீட்டரும் இருக்குற பெட்டிய, முழுசா கழட்டினேன், பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டுல செம்புக் கோடு ஓடும், அதான் அதோட வயரிங், லைட்டு கிளஸ்டருக்கும் மீட்டர் கிளஸ்டருக்கும் அந்த ஷீட்டு வேற வேற, அதனால மீட்டரோட சேர்த்து அதையும் எடுக்கணும். மாட்டிட்டு ஸ்டார்ட் பண்ணேன். பெட்ரோல் முள்ளு சரியா நின்னுச்சு, வோல்ட் முள்ளு ஏறுச்சு. சூடு காட்டுற முள்ளு மட்டும் குளிர்லயே படுத்துக் கெடந்தது. அரை மணி நேரம் ஓட்டினேன், அசையல. மீட்டர் செத்துப்போச்சுன்னு கிளஸ்டர வெளிய எடுத்தேன், துடைச்சேன், மாட்டினேன், அதே கதை. மறுபடி எடுத்தேன்.

குத்தம் மீட்டர்ல இல்ல. எஞ்சின்ல இருந்தது லைட்டுக்கான சென்சார். அது வெறும் ஸ்விட்ச், எஞ்சின் அளவுக்கு மீறி சூடாகுற வரைக்கும் தொறந்தே இருக்கும், சூடானா மூடி லைட்ட எரிய வைக்கும், அவ்வளவுதான். முள்ளுக்கு வேணும்கிறது சூட்டுக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறுற சென்சார். வெளிய பாத்தா ரெண்டும் பித்தளைல ஒரே மாதிரி சின்னக் கட்டி. 350ல டிரைவர் பக்கத்து ஹெட்டுல, ஒண்ணாவது மூணாவது சிலிண்டருக்கு நடுவுல இருக்கும். கிளஸ்டர கழட்டுறதுக்கு முன்னாடியே நான் ஒரு நிமிஷ சோதனை பண்ணிருக்கணும். சாவிய ஆன் பண்ணிட்டு சென்சார்ல இருக்குற வயர கழட்டி எஞ்சின் இரும்புல ஒரு நொடி தொட்டா முள்ளு முழுச் சூட்டுக்கு ஓடணும். ஓடுச்சுன்னா மீட்டரும் வயரும் நல்லா இருக்கு, சென்சார்தான் மாத்தணும். எஞ்சின் ஆறின பிறகு புது சென்சார் போட்டேன், மரைல டெஃப்லான் டேப்ப சுத்தாம போட்டேன், ஏன்னா அதுக்கு எர்த்தே அந்த மரை வழியாத்தான் கெடைக்குது. பெட்ரோல் மீட்டர் மட்டும் ஏன் மொதல்லயே வேலை செஞ்சுதுன்னா ரெண்டு ட்ரிம்முக்கும் டேங்க்ல ஒரே 0–90 ஓம் சென்சார்தான். 75 வரைக்கும் வந்த கிளஸ்டர எடுக்குறவங்க இன்னொண்ணையும் கவனிங்க, அதுல வோல்ட் மீட்டர் இல்ல, ஆம்பியர் மீட்டர், அதுக்கு எஞ்சின் பக்கத்துலேர்ந்து தனியா ரெண்டு வயர் வரணும்.

ஆயில் பிரஷர் மீட்டருக்கு வயரே கிடையாது. டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்துல பிளாக்குலேர்ந்து ஒரு மெல்லிசு பிளாஸ்டிக் டியூப் கிளம்பி எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் தகடு வழியா நேரா மீட்டர் பின்னாடி வரும், அதுக்குள்ள எஞ்சின் ஆயில். 79ல இருந்த டியூப்பு பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, அதையே போட்டேன். மூணாம் நாள் புது கார்பெட்ல உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். நாப்பது வருஷத்துக்கு மேல சூட்டுல கெடந்த பிளாஸ்டிக், வளைச்ச இடத்துல மயிர் மாதிரி விரிசல். புது டியூப்பு, அதோட முனைய இறுக்கிப் புடிக்கிற புது ஃபெரூல் வளையம் போட்டு, எக்ஸாஸ்ட்ட விட்டு தள்ளி கிளிப் அடிச்சேன், ஃபயர்வால் ஓட்டைல ரப்பர் வளையம் போட்டேன். எத பழசுலேர்ந்து எடுக்கலாம், எத கண்டிப்பா புதுசு வாங்கணும்னு இப்ப எனக்கு ஒரு கணக்கு இருக்கு. தகடு, கண்ணாடி, பட்டை, மீட்டர் பழசு போதும். எண்ணெயோ பெட்ரோலோ தண்ணியோ ஓடுற எதுவும் புதுசுதான்.

இதே எடத்துல சட்டம் ஒண்ணும் இருக்கு, நிறைய பேர் கண்டுக்குறதில்ல. கிளஸ்டர மாத்துனா ஓடோமீட்டரும் மாறுது. அமெரிக்க ஃபெடரல் சட்டப்படி மாத்தின ஓடோமீட்டர் பழைய மைலையே காட்டணும், முடியலன்னா சைபர்ல வெச்சு, மாத்துறதுக்கு முன்னாடி எத்தன மைல், எந்த தேதின்னு எழுதி டிரைவர் பக்கத்து கதவு ஃப்ரேம்ல ஒட்டணும். நான் சுலபமான வழி எடுத்தேன், இந்த வண்டிகள்ல ஸ்பீடோமீட்டர் தனி யூனிட்டு, என்னோட பழைய ஸ்பீடோமீட்டரையே கழட்டி புது கிளஸ்டருக்குள்ள உக்கார வெச்சிட்டேன். என் வண்டி ஓடுன மைல் என் வண்டியோடயே இருக்கு.

பவர் விண்டோவுக்கு கதவுக்குள்ள கண்ணாடிய ஏத்தி எறக்குற ரெகுலேட்டர், மோட்டர், கதவு இடுக்கு வழியா போற வயர், அத மூடுற ரப்பர் உறை, ஸ்விட்ச், அதோட ஃப்யூஸ் பாக்ஸ்ல 30 ஆம்பியர் பிரேக்கர் வரைக்கும் எடுக்கணும். வயர நடுவுல வெட்டாதீங்க, கனெக்டர் டு கனெக்டர் உருவுங்க. இதுல ஒரு ஆபத்து இருக்கு, கொஞ்சம் நிறுத்தியே சொல்றேன். மோட்டர் மெதுவா ஓடுதுன்னு ரெகுலேட்டர்லேர்ந்து பிரிக்க தம்பி போல்ட்டுல ஸ்பேனர் போட்டுட்டான். "டேய், கைய எடு, அந்த ஸ்பிரிங்க பாரு"ன்னு கத்தினேன். கண்ணாடி எடைய தாங்குறதுக்கு அதுல ஒரு சுருள் ஸ்பிரிங் முறுக்கி வெச்சிருக்கும், மோட்டர்தான் அந்தப் பல்லுச் சக்கரத்த புடிச்சு நிறுத்தி வெச்சிருக்கு. மோட்டர எடுத்த நொடியில அந்தக் கை முழு வேகத்துல சுத்தும், நடுவுல விரல் இருந்தா போச்சு. பல்லுத் தகட்டையும் பின்தகட்டையும் சேர்த்து ஓட்டை போட்டு ஒரு போல்ட்ட குத்தி பூட்டிட்டுத்தான் மோட்டர் கிட்டயே போகணும். சர்வீஸ் மேனுவல்ல இது இருக்கு, நான் அத முந்தின ராத்திரி படிச்சிருந்தேன், அதனால அன்னைக்கு அவன் கை தப்பிச்சுது.

கூரைத் துணி, கார்பெட் பெரிய வித்தையில்ல. துணிய தாங்குற ஓரப் பட்டைங்களையும் ஸ்குரூவையும் மறக்காம எடுத்துக்குங்க, கார்பெட் போடுறதுக்கு முன்னாடி ரப்பர் மேட்ட தூக்கி அடியில துரு இருக்கான்னு பாருங்க. எனக்கு ரெண்டு இடத்துல இருந்துச்சு, சுரண்டி பெயின்ட் அடிச்சேன்.

ஏசிய மட்டும் விட்டுட்டேன். 79ல இருந்துச்சு, ஆசையும் இருந்துச்சு. ஆனா ஏசி வந்த வண்டிக்கு ஃபயர்வால் ஓட்டையும் ஹீட்டர் பெட்டியும் டேஷுக்குள்ள காத்து போற குழாயும் எல்லாமே வேற, டேஷ முழுசா பிரிச்சு ஃபயர்வால வெட்டணும். என்னைக்காவது கேபின தூக்குற வேலை வந்தா அன்னைக்கு பாத்துக்கலாம், அந்தப் பெட்டி மொத்தமும் கனெக்டரோட எடுத்து மேல பரண்ல இருக்கு. கிரில்லும் மாத்தல. 79 மூஞ்சி எனக்குப் புடிக்கும், ஆனா என் வண்டி 78, பெட்ரோல் மூடி வெளிய தெரியுற வண்டிக்கு 78 மூஞ்சிதான் அழகு.

ஸ்டிக்கர் பத்தி ஒரு கேள்வி வந்துச்சு. தம்பி கேட்டான், "கிளவ் பாக்ஸ் கதவையும் அதுலேர்ந்தே மாத்திட்டா முழு சில்வராடோ ஆயிடும்லண்ணா?" மாத்தல. என் வண்டில இன்னைக்கும் கஸ்டம் டீலக்ஸ் ஸ்டிக்கர்தான் இருக்கு. நாளைக்கு யாராவது வாங்கினா அந்தக் கதவ தொறந்து காட்டி, ஃபேக்டரில வந்தது இது, நான் போட்டது இதுன்னு நோட்டையும் சேர்த்துக் குடுப்பேன். ஒரு வண்டியோட ஸ்டிக்கர உரிச்சு இன்னொண்ணுல ஒட்டி ஒரிஜினல்னு விக்கிறவங்க இருக்காங்க, அது எனக்கு திருட்டு மாதிரிதான் படுது. நீங்க வாங்கப் போறப்ப ஸ்டிக்கரும் வின்னும் ஒத்துப் போகுதான்னு பாருங்க, ஸ்டிக்கர்லயே வின் நம்பர் இருக்கும்.

எல்லாம் முடிஞ்சு மொத தடவை எடுத்துட்டுப் போனது ஒரு ஞாயித்துக்கிழமை காலைல. கண்ணு ரோட்ட விட அந்த முள்ளு மேலதான் இருந்துச்சு. மெல்ல ஏறி, தெர்மோஸ்டாட் தொறந்ததும் ஒரு இழை எறங்கி, நடுவுல நின்னுச்சு. வீடு திரும்புற வரைக்கும் அங்கயேதான் நின்னுச்சு.

அந்த பிரவுன் பேப்பர் எட்டும் சுருட்டி வெச்சிருக்கேன், எது எந்தப் பக்கம், எந்த ஓரத்த எதோட ஒத்து வெக்கணும்னு மேல எழுதியிருக்கு. போன வாரம் ஒருத்தர் தன்னோட 80 ஸ்காட்ஸ்டேலுக்கு வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனார். பெட் பேப்பர் ரெண்டையும் பிரிச்சுக் குடுக்குறதுக்கு முன்னாடி அவர் வண்டிய அளக்கச் சொன்னேன், எட்டடி பெட்டு, சேரும். ஆறரை அடி பெட் வெச்சிருக்கவங்க ஃபெண்டர் பேப்பரும் கதவு பேப்பரும் மட்டும் எடுத்துக்கலாம், பெட்டுக்கு வேற வண்டிதான் தேடணும்.